ஒற்று மிகும் இடங்கள்

மாதப் பிறப்பில் சீட்டுக் குலுக்கினார்கள்
கிழக்குக் கொட்டடியில்.
எனக்கு விழுந்தது ஒரு சன்னல்.
இலந்தைமரச் சந்து, மூன்றாம் வீடு,
வேலை பறிபோன தணிக்கையாளர் ஃபான் ஜிங்யுவான்,
பின்சுவர், எண்ணெய்த்தாள் ஒட்டியது.

தாள் நல்ல மெல்லிசு.
உள்ளே நெட்டி முறித்தால்
வெளியே என் விரல் வலிக்கும்.

முதல் இரவு பூனையைத் திட்டினார்:
எலி என்ன உனக்குச் சம்பந்தியா?
இரண்டாம் இரவு இருமல்.
மூன்றாம் இரவு, உப்புச் சாடியில் கைவிட்டு
முள்ளங்கி எண்ணினார். பதினொன்று.
பிறகு இன்னொரு முறை. பதினொன்று.

பகலில் பக்கம் பார்ப்பார்,
இரவில் அதுவும் பேசார்.

விடியுமுன் அரண்மனைக் கதவிடுக்கில்
சீட்டை நுழைக்க வேண்டும்.
வெறுஞ்சீட்டு நுழையாது.
ஆகவே அடியில் சந்தை விலை எழுதுவேன்:
அரிசி, கோதுமை மாவு, மொச்சை, நல்லெண்ணெய்.
வானத்தின் மகனுக்கு
மொச்சை விலை தெரிய வேண்டுமாம்.
அதை மட்டும் நான் ஒருநாளும்
கூட்டிக் குறைத்து எழுதியதில்லை.

இருபதாம் நாள் மேலாள் தியாவ் கூப்பிட்டார்.
அதட்டவில்லை. பூசணி விதை கொறித்துக்கொண்டே
"இருபது நாள் ஒருவன் வாய் திறக்கவில்லை என்றால்
எவ்வளவு இருக்கும் அந்த வாயில்" என்றார்.
தோலை என் பக்கம் துப்பினார்.

இருபத்தோராம் இரவு
கங்குச்சட்டியை இழுக்கும் சத்தம்.
தரையில் கரகரவென்று, பாதி தூரம்.
நின்றது. பெருமூச்சு.
மறுபடி இழுப்பு. பெருமூச்சு.
கட்டிலடியில் சேர்த்துவிட்டு ஒன்று.

எழுதினேன்:
மூன்று முறை பெருமூச்சு விட்டார்.
சட்டியை எழுதவில்லை.
விரல் விறைத்திருந்தது, மை உறைந்திருந்தது,
சீட்டில் இடமும் இல்லை
என்று இன்றுவரை
எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

படியெடுத்தவன் 'நீண்ட' என்று சேர்த்தான்.
அவனுக்கு மேலிருந்தவன்
'அரண்மனைத் திசை நோக்கி'.
அதற்கும் மேலே, எங்கோ,
சிவப்பு மை தொட்ட தூரிகை
அவர் பெயரின் தலையில்
ஒரே ஒரு புள்ளி.

புள்ளி வைத்தால் என்ன ஆகும்?
உயிர் போகும். மெய் நிற்கும்.
எங்கள் சீட்டுகள் எல்லாமே
அப்படிப்பட்ட மெய்தான்.

செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டபடி போனார்.
கையில் ஏனோ முள்ளங்கிச் சாடியின் மூடி.
யாரும் அதைப் பிடுங்கவில்லை.
சந்தில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது,
சாத்திய கதவுகளுக்குப் பின்னால்
யாருமே மூச்சு விடவில்லை.
அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பூனை என்னோடு வந்தது.
நான் கூப்பிடவில்லை.
வேறு யார் வீட்டுக் கதவு திறந்திருந்தது?

போன வாரம் முதல் பனி.
காலையில் பார்க்கிறேன், என் பின்சுவரோரம்
எங்கும் வெள்ளை,
இரண்டு பாதம் அளவுக்கு மட்டும் கறுப்பு மண்.
பனி விழுமுன் வந்து
விழுந்து முடிந்த பின் போயிருக்கிறான்.

அன்றிலிருந்து
பூனையைக் கொஞ்சம் உரக்கத் திட்டுகிறேன்.
கங்குச்சட்டியை இழுக்கும்போது
"அப்பாடா, என்ன கனம் இந்தச் சட்டி,
இடுப்பு போச்சு" என்று
சன்னல் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு
அதன் பிறகே மூச்சு விடுகிறேன்.

மொச்சை படி ஏழு காசு,
நேற்றைவிட அரைக்காசு கூட,
இதையும் சொல்கிறேன், நிறுத்தி நிறுத்தி,
எழுதுகிறவன் வேகத்துக்கு.

வெளியே ஒரு தும்மல்,
பாதியில் விழுங்கியது.
புது பூட்ஸ் போலிருக்கிறது.
கால் மாற்றி நிற்கும்போதெல்லாம் கீச்சிடுகிறது.